வாளிக்காரர் நின்ற ஓரம்

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. அவள் எழுபத்து மூன்றில் இருந்தாள்.

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே முன்பின் தெரியாத யாருடைய ரத்தமோ. அதிலுள்ள வெள்ளை அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வகை பிரித்து, நூறு வரை எண்ண வேண்டும். நடுவில் விட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து. லேபில் இருபத்தாறு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். பேசியவர் அண்ணன் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் முதலாளி.

"அம்மா, அண்ணனுக்குக் கொஞ்சம் முடியல. நீங்க உடனே வந்தா நல்லது."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "மெஷின் முன்னாடி உக்காந்திருந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. டாக்டர் வந்து பாத்துட்டாரும்மா."

"பாத்துட்டு என்ன சொன்னாரு?"

"நீங்க வந்துடுங்கம்மா" என்றார் முதலாளி. அதிலேயே எல்லாம் வந்துவிட்டது. "வரேன்" என்று சொல்லி போனை வைத்தாள். மீதி இருபத்தேழையும் எண்ணி, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிறகுதான் பையை எடுத்தாள். அடுத்த மேஜைக்காரி இதை அன்று சாயங்காலத்துக்குள் நாலு பேரிடம் சொல்லி முடித்திருந்தாள்: அண்ணன் செத்த சேதி கேட்டும் அசையாமல் எண்ணிக்கொண்டிருந்த கல்நெஞ்சுக்காரி. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரரும் ஒருவருக்கு அண்ணனாகவோ தம்பியாகவோ இருக்கக்கூடும். அடுத்த மேஜைக்காரிக்கு அதெல்லாம் தோன்றாது. எண்பதிலேயே நிறுத்திக்கொண்டு நூறு என்று எழுதுகிற வர்க்கம் அது.

அண்ணன் லென்ஸ் வெட்டுகிறவர். கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஜன்னல்கூட இல்லாத இடத்தில், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் சாணைச் சக்கரத்தின் முன்னால் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தார். வட்டமாக வரும் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, வாடிக்கையாளர் பிடித்துத் தேர்ந்தெடுத்த ஃபிரேமுக்குள் உட்கார வைக்க வேண்டும். இம்மி கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் ஆடும். குறைத்துத் தேய்த்தால் ஃபிரேம் விரியும். முன்னால் குளுகுளு அறையில் பல்லை இளித்துக்கொண்டு, "உங்க முகத்துக்கு இது ரொம்ப எடுப்பா இருக்கு சார்" என்று விற்கிறவனைத் தெருவுக்கே தெரியும். பின்னால் தேய்க்கிறவரை ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணன் அதற்காக வருத்தப்பட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. வருத்தப்பட அவருக்கு நேரமும் இருந்ததில்லை. கடை போக மிச்சமிருந்த ஆயுளையெல்லாம் சினிமா எடுத்துக்கொண்டது.

சினிமா பார்க்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். பார்த்தோமா, சிரித்தோமா, போய்ப் படுத்தோமா என்று இருக்கிறார்கள். அண்ணன் சேர்ந்திருந்த கூட்டம் வேறு ரகம். அது படத்தைப் பார்க்காது. படத்தை எதில் பார்ப்பது என்று பேசும். டேப்பா, டிஸ்க்கா, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காலத்தில் வந்ததே அந்த லேசர் டிஸ்க்கா, ஒரு படத்துக்கு மூன்று என்று வந்து, கொலைகாரன் கதவைத் திறக்கிற நேரம் பார்த்து "அடுத்த டிஸ்க்கைப் போடவும்" என்று நிற்குமே அந்த விசிடியா? இதில் எது உசத்தி என்று சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிவரை வாய் வலிக்கப் பேசும். இருபத்திரண்டு வருஷம் பேசியும் முடிவுக்கு வரவில்லை. முடிவுக்கு வந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை என்ன செய்வதாம்?

கூட்டம் என்றால் பெரிய படை ஒன்றும் இல்லை. அண்ணனைச் சேர்த்து மூன்றே பேர்.

முதலாமவர் மேனேஜர். அவர் எதற்கும் மேனேஜர் அல்ல. செருப்புக் கடை ஒன்றில் வருகிறவர்கள் காலுக்கு அளவு பார்த்து மாட்டிவிடுகிற வேலையில் சேர்ந்தார். கடைசி இரண்டு வருஷம் கடைச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. ஓய்வு பெற்றபோது சாவியைக் கொடுத்துவிட்டு, பட்டத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். அவருடைய தெய்வம் ஒரு பழைய கதாநாயகன். எந்தப் படத்திலும், சேற்றில் நடக்கிற காட்சியில்கூட, வெள்ளை ஷூ போட்டே வருவான் என்பதால் இந்தக் கூட்டத்தில் அவனுக்கு வெள்ளை ஷூ என்று பெயர். வெள்ளை ஷூவின் வசனங்களை மேனேஜர் மனப்பாடமாகச் சொல்வார். யாரும் கேட்காமலேயே சொல்வார்.

இரண்டாமவர் கூரியர். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர், நாற்பது வயசு. அவருக்குத் தெய்வம் என்று தனியாக யாரும் இல்லை, இந்த மாதம் யார் ஓடுகிறார்களோ அவர்கள். எல்லாப் படத்தையும் போனில், இரட்டை வேகத்தில், சிக்னலில் வண்டி நிற்கிற நேரத்தில் பார்ப்பார். "ரெண்டரை மணி நேரப் படத்த ஒண்ணேகால்ல முடிச்சேன்" என்று பீற்றிக்கொள்வார், ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி.

அண்ணனை எடுத்துப் போகிற அன்றைக்கு இந்த இரண்டு பேரும் வீட்டு வாசலில், மாடிப்படி ஓரமாக நின்றிருந்தார்கள். உள்ளே அண்ணன் துணி போர்த்திக் கிடந்தார். நாற்காலி போதாமல் மேல் வீட்டில் கேட்டு வாங்க அவள் படியேறியபோது பேச்சு காதில் விழுந்தது.

"வெள்ளை ஷூ சாகுற சீன் இருக்கே, அத டேப்புல பாத்தாத்தான்யா அழுகை வரும். டிஸ்க்குல வராது. ரொம்பத் தெளிவா இருக்கு. கண்ணுல என்னத்தையோ போட்டு அழுறது தெரிஞ்சுபோகுது."

"அதுக்குத்தான் சார் போன்ல பாருங்கங்கறேன். சின்னதா இருந்தா ஒண்ணுமே தெரியாது."

"போன்ல பாக்கறதெல்லாம் படம் பாக்கறதாய்யா? ஜன்னல் இடுக்குல அடுத்த வீட்டை எட்டிப் பாக்கறதுக்கு அது என்ன வித்தியாசம்?"

அவள் நாற்காலியோடு இறங்கி வந்தபோது இரண்டு பேரும் சட்டென்று முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்கள். கூரியருக்கு அது சரியாக வரவில்லை. தும்மப் போகிறவர் மாதிரி இருந்தார்.

இந்தக் கூட்டத்தில் அண்ணன் விரும்பியது யாரை என்று கேட்டால் சிரிப்பார்கள். நாயகனும் இல்லை, வில்லனும் இல்லை. பெயர்கூடத் திரையில் வராத ஒரு துணை நடிகர். அண்ணன் அவரை "நம்மாளு" என்பார். கதவைத் திறந்துவிடுகிற வேலைக்காரர், தந்தி கொண்டுவருகிறவர், கூட்டத்தில் குடை பிடித்து நிற்கிறவர், முதல் சண்டையிலேயே குத்துப்பட்டு விழுகிறவர். வசனம் இருந்தால் "சரிங்க ஐயா." எந்த வேஷத்திலும் நகர்வதற்கு முன்னால் இடது கைவிரலால் காது மடலை ஒரு தரம் தொட்டுக்கொள்வார். அதை வைத்துத்தான் அண்ணன் அவரை அடையாளம் பிடிப்பது.

இவர் வருகிற ஒவ்வொரு படத்துக்கும் அண்ணன் நீளமான நோட்டு ஒன்றில் ஒரு வரி எழுதுவார். எண், படம், எதில் பார்த்தது, மணி, நிமிடம், விநாடி, என்ன செய்கிறார். இப்படி ஏழு கட்டங்கள். "கதவு திறக்கிறார்." "பெட்டி தூக்குகிறார், பெட்டி காலி என்று நடையில் தெரியவில்லை, பிரமாதம்." "பிணமாகக் கிடக்கிறார். மூச்சு விடுவது தெரிகிறது, பாவம்." இருநூற்றுப் பதின்மூன்று வரிகள். பள்ளிக்கூடப் பையன்கூட இப்படி ஒரு வேலை செய்ய மாட்டான் என்று அவள் ஒருமுறை சொன்னாள். "செய்ய மாட்டான்தான். பொறுமை இருக்காது" என்று அண்ணன் ஒத்துக்கொண்டார். அவமானப்படுத்தினால் ஒத்துக்கொள்கிற ஆளை என்ன செய்ய முடியும்?

ஒரு தடவை பெண் வீட்டார் பேச வந்தார்கள். பெண்ணின் அப்பா மரியாதைக்கு, "சினிமா பாப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் எழுந்து போய் ஒரே காட்சியை டேப்பில் ஒருமுறை, லேசர் டிஸ்க்கில் ஒருமுறை, விசிடியில் ஒருமுறை போட்டுக் காட்டி, எதில் நம்மாளின் முழங்கை திரை ஓரத்தில் வெட்டுப்படவில்லை என்று விளக்கினார். பெண் வீட்டார் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வரவில்லை. அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருப்பாள் என்று அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

அவளுக்குக் கல்யாணம் நடந்தது. முறிந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் ஒரே ஒரு பெட்டியோடு அந்த மூன்றாம் மாடி வீட்டுக் கதவைத் தட்டினாள். அண்ணன் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்று கடைக்குப் போகாமல், அறையில் இருந்த அலமாரி மூன்றையும் ஒற்றை ஆளாக ஹாலுக்கு நகர்த்தினார். அன்றிலிருந்து அறை அவளுக்கு. அவர் ஹாலில் அலமாரிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தார். நன்றி சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அவளும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று தடியன்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு ஒருத்தரும் டம்ளரைக் கழுவியதில்லை.

சமையலறைச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தச் சண்டை பாடமாகிவிட்டது. தியேட்டர் திரை அகலமானது. வீட்டு டிவி அவ்வளவு அகலம் இல்லை. அகலப் படத்தை அதற்குள் அடைக்க இரண்டே வழி. படத்தை முழுசாகச் சுருக்கி மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டு, நடுவை மட்டும் பெரிதாக்கித் திரையை நிரப்பலாம். மேனேஜருக்குக் கறுப்புப் பட்டை கண்ணில் பட்டாலே உடம்பு எரியும்.

"இவ்வளவு பெரிய டிவி வாங்கி வச்சிட்டு, அதுல பாதிய இருட்டா விட்டா எப்படிய்யா? நிரப்பு!"

"கறுப்ப விடுய்யா!" இது அண்ணன். வேறு எதற்கும் குரலை உயர்த்தாத அண்ணன். "கறுப்பு ஒண்ணும் உன்னைக் கடிக்காது. நீ நிரப்பினா ஓரத்துல நிக்கறவன் செத்துப்போறான்!"

"ஓரத்துல நிக்கறவன யாருய்யா பாக்கறா? லென்ஸ் ஓரத்தையே பாத்துப் பாத்து உனக்குப் புத்தி ஓரமாப் போயிடுச்சு."

கடைசியில் அண்ணன் ரிமோட்டில் அந்தத் திரை நிரப்புகிற பொத்தானின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். அவள் கைப்பையில் வைத்திருந்த, விரலில் வெட்டுப்பட்டால் சுற்றுகிற பிளாஸ்திரி. ரிமோட்டுக்குக் காயம்பட்டது போல அது மேஜைமேல் கிடக்கும்.

எல்லாச் சண்டைக்கும் பெரிய சண்டை துறைமுகப் படத்தைப் பற்றியது. கப்பலின் படியிலிருந்து வெள்ளை ஷூ இறங்கி வந்து, மூச்சு விடாமல் ஒரு நீள வசனம் பேசுவானாம். மேனேஜர் அறுபது தடவை பார்த்த காட்சி. அந்தக் காட்சியில் இடது ஓரத்தில் நம்மாளு வாளியோடு நின்று தரை கழுவுகிறார் என்றார் அண்ணன். பத்தொன்பது வயசில் தியேட்டரில் பார்த்தாராம். கிடைத்த இருக்கை முதல் வரிசையில் இடது கோடி. அங்கிருந்து பார்த்தால் நாயகன் எங்கோ சாய்ந்து தெரிவான், வாளிக்காரர் மட்டும் எதிரே நிற்பார்.

"எல்லாரும் வாயப் பொளந்து அவனையே பாக்கறாங்க. இந்த ஆளு தலையத் தூக்கவே இல்ல. தரையைக் கழுவறாரு. அவரு நடிக்கல, வேலை செய்யறாரு."

அதற்குப் பிறகு வந்த டேப்பில் அவர் இல்லை. டிவியில் இல்லை. விசிடியில் இல்லை. புதுசாகத் துடைத்து மெருகேற்றிப் போனில் வருவதிலும் இல்லை. எல்லாமே ஓரம் வெட்டியவை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இது முற்றி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கூரியர் சாட்சி. வாளிக்காரரைத் திரையில் காட்டாமலே அண்ணன் கண்ணை மூடினால் மூன்று அலமாரியும் மேனேஜருக்கு. காட்டிவிட்டால் மேனேஜர் எழுந்து நின்று, "நான் என் வாழ்நாளில் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அரை நூற்றாண்டு சினிமா பார்த்த இரண்டு கிழடுகளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை தோன்றவில்லை. தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள்.

அண்ணன் போன ஒன்பதாவது நாள் சனிக்கிழமை. நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. அவள் அடுப்பில் நாலு பேருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். கை தானாக வைத்தது. கொட்டவும் மனசில்லை, குறைக்கவும் மனசில்லை.

"தங்கச்சி, மனசு தாங்கலம்மா" என்றார் மேனேஜர். சொல்லும்போது அவர் பார்வை அவள் தோளைத் தாண்டி அலமாரிகளை எண்ணியது. அவர் பின்னால் கூரியர், அக்குளில் மடித்த அட்டைப் பெட்டிகளோடு.

"அது எதுக்கு?"

"ஆபீஸ்ல சும்மா கிடந்துதுங்க்கா."

"எங்கேந்து வந்துதுன்னு கேக்கல. எதுக்குன்னு கேட்டேன்."

மேனேஜர் அலமாரிக் கதவைத் திறந்து, தாளைச் சுட்டிக் காட்டினார். குரலில் ஒரு பெரிய மனிதத் தோரணை வந்திருந்தது. "எழுத்துன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. எனக்கு ஆசைன்னு இல்ல. அவரு ஆத்மாவுக்காக."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை பழைய சாமான்காரரை வரச்சொல்லியிருந்தாள். அவர் மாடிப்படி ஏறி இறங்குவது மிச்சம். "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

இரண்டு பேரும் சுறுசுறுப்பானார்கள். இந்த வீட்டில் பதினாலு வருஷத்தில் அவர்கள் குனிந்து ஒரு வேலை செய்து அவள் பார்த்தது அன்றுதான். பெட்டிகளை விரித்து, அடியில் டேப் ஒட்டி, லேசர் டிஸ்க்கை நிற்க வைப்பதா படுக்க வைப்பதா என்று அதற்கும் ஒரு சண்டை போட்டார்கள். முதல் பெட்டி நிரம்பியபோது மேனேஜர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நல்ல மனுஷன் தங்கச்சி. ஒரு குறையும் சொல்ல முடியாது. பொய்தான் கொஞ்சம்..."

"என்ன பொய்?"

"அந்த வாளிக்காரன். இல்லாத ஆள இருக்கான் இருக்கான்னு பதினோரு வருஷம்... சரி விடுங்க, போன மனுஷன்."

"பாவம் சார், குடும்பம் குட்டின்னு இல்லாதவரு" என்றார் கூரியர். "ஏதாச்சும் ஒண்ணு கற்பனையா வேணுமில்ல."

அண்ணனை அவளே எத்தனையோ சொல்லியிருக்கிறாள். கிறுக்கு, மண்ணு, வெட்டி, ஊருக்கு உதவாத ஜென்மம். முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். பொய்யன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இல்லாததைப் பார்த்தேன் என்று எழுதுகிறவர்களை லேபில் அவளுக்குத் தெரியும், அவர்களோடு அவள் ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதுகூட இல்லை. முழங்கை வெட்டுப்பட்டதற்கு மூன்று விதமாக அத்தாட்சி காட்டிய மனுஷனை, அவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியையே மூக்கில் மாட்டிக்கொண்டு ஒருத்தர் பொய்யன் என்கிறார்.

"பெட்டியைக் கீழ வைங்க" என்றாள்.

"என்னம்மா?"

"கீழ வைங்க. ரெண்டு பேரும் உக்காருங்க."

டிவி மேஜையில் நோட்டு, அண்ணன் போவதற்கு முந்தின நாள் புதன்கிழமையிலிருந்து அப்படியே கிடந்தது. அன்று மத்தியானம் அயல்நாட்டு எழுத்துப் போட்ட மெல்லிய பார்சல் ஒன்று வந்தது. சாயங்காலம் அண்ணன் ஹாலில் தனியாக உட்கார்ந்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தது அறைக்குள் கேட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, "இப்ப வரியா, எல்லாத்தையும் எடுத்து வச்சிடவா?" என்று கத்தினாள். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் வரி முடியாமலே பேனாவை வைத்துவிட்டு வந்தார். சாப்பிடும்போது, "சனிக்கிழமை பாரு, வேடிக்கை இருக்கு" என்றார். என்ன வேடிக்கை என்று அவள் கேட்கவில்லை. இந்த ஆளுக்கு என்ன பெரிய வேடிக்கை வந்துவிடப் போகிறது என்று குழம்பை ஊற்றினாள். மறுநாள் பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது.

நோட்டைத் திறந்து கடைசி வரியைப் படித்தாள். "இருநூத்திப் பதினாலு. துறைமுகப் படம். டிவிடி, முழு அகலம். ஒரு மணி பன்னெண்டு நிமிஷம்."

மேனேஜர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. "டிவிடியா? அகலத்துல வந்திருக்கா? எங்கிட்ட அவன் சொல்லவே இல்லையே!"

டிஸ்க் பிளேயருக்குள்ளேயே இருந்தது. அவள் டிவியைப் போட்டாள். பிளேயர் உறுமியது. அதற்குள் ரிமோட் மேனேஜர் கைக்குப் போய்விட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் ரிமோட் அவர் கைக்குப் போய்விடும். அவர் ஓட்டிக்கொண்டு போய், சரியான இடத்துக்கு வந்து நிறுத்தினார்.

கப்பல். படி. வெள்ளை ஷூ. திரை நிறைய நாயகன் இறங்கி வந்தான். மேனேஜரின் உதடு வசனத்தோடு சேர்ந்து அசைந்தது. வாளியும் இல்லை, ஆளும் இல்லை.

"பாத்தீங்களா?" என்று மேனேஜர் நிம்மதியாகச் சாய்ந்தார். "நான் என்ன சொன்னேன்?"

"திரும்பப் போடுங்க."

திரும்பப் போட்டார். இல்லை. மூன்றாவது தடவை போட்டபோது அவள் நாற்காலியிலிருந்து எழுந்து டிவியின் அருகில் போய் நின்றாள். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துப் பரப்பினால் நடுப்பகுதி அழகாக இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நடுவையே பார்ப்பார்கள். கோளாறான பெரிய அணுக்கள் ஓரத்தில் போய் ஒதுங்கும் என்பது இரண்டு மூன்று தப்புச் செய்த பிறகுதான் புரியும். அவள் நாயகனை விட்டுவிட்டு இடது ஓரத்தை மட்டும் பார்த்தாள். ஒரு குச்சியின் முனை உள்ளே நீண்டது. போனது. மறுபடி நீண்டது. யாரோ எதையோ தள்ளித் தள்ளித் துடைக்கிறார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "கறுப்பு எங்க?"

"எது?"

"மேலயும் கீழயும் பட்டை இருக்கணுமே. அண்ணன் போட்டா இருக்கும்."

"அசிங்கமா இருந்துதும்மா. நான்தான் நிரப்பினேன்" என்றார் மேனேஜர், நல்ல காரியம் செய்தவர் போல. அவர் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தொங்கியது.

ஓரம் வெட்டுப்படாத டிஸ்க்கைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மனுஷனுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அதை ஒரு பொத்தானை அழுத்தி வெட்டிப் போட்டுவிட்டு, ஆள் இல்லை என்கிறது இந்த ஜென்மம். இதற்குத்தான் பதினாலு வருஷம் தேநீர் போட்டாளா? அவள் ரிமோட்டைப் பிடுங்கினாள். அழுத்தினாள்.

படம் சுருங்கியது. மேலும் கீழும் கறுப்பு வந்தது. இரண்டு பக்கமும் துறைமுகம் விரிந்தது. நாயகன் சின்னவனாகிப்போனான். இடது ஓரத்தில், குனிந்து நின்ற ஒரு மெலிந்த மனுஷர் துடைப்பக் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி. மொத்தத் துறைமுகமும் வெள்ளை ஷூவைப் பார்க்க, அவர் தரையைப் பார்த்தார். வசனம் உச்சத்துக்குப் போனபோது நிமிர்ந்தார். இடது கைவிரலால் காது மடலைத் தொட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு திரையை விட்டு வெளியே போனார்.

கூரியர் டிவியை நோக்கி நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவரேதான் சார்" என்றார் கூரியர் மெதுவாக. "காதைத் தொட்டாரு."

"காதுன்னு இருந்தா எவனும் தொடுவான்யா. யாரோ ஒருத்தன்."

"சார், நீங்க எத்தனை தடவ பாத்திருக்கீங்க இத?"

"அறுபது."

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அந்த வாளிய எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?"

அவள் அலமாரிக் கதவிலிருந்த தாளைப் பிய்த்துக் கொண்டுவந்து மேனேஜரிடம் நீட்டினாள்.

"கண்ணாடி கொண்டாரலம்மா. படிக்க முடியாது."

"மூக்குமேல இருக்கு. எங்க அண்ணன் பண்ணிக் கொடுத்தது. எழுந்து நின்னு படிங்க."

"தங்கச்சி, வயசான காலத்துல..."

"எழுத்துன்னு ஒண்ணு இருக்குன்னீங்களே."

மேனேஜர் எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. தாளைப் பார்த்து, டிவியைப் பார்த்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார்" என்றார் கூரியர். கட்சி மாறுவதிலும் அவருக்கு இரட்டை வேகம்தான்.

"நான் என் வாழ்நாள்ல ஒரு படத்தக்கூட..." மேனேஜர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "முழுசா பாத்ததில்ல."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வாழ்நாளெல்லாம் ஊராருக்குச் செருப்பு மாட்டிவிட்டவர். கூரியர் தேநீரைக் குடித்துவிட்டுப் பின்னாலேயே போனார். டம்ளரைக் கழுவவில்லை.

அவர்கள் மேல் இருந்த கடுப்பு தணிந்ததும் இந்தச் சாமான்களின் மேல் அவளுக்குப் புதுசாகப் பாசம் பிறந்துவிடவில்லை. திங்கட்கிழமை சொன்னபடி பழைய சாமான்காரர் வந்தார். மூன்று அலமாரி நிறைய இருந்த டேப்பும் டிஸ்க்கும், கூரியர் விட்டுப்போன அட்டைப் பெட்டிகளிலேயே, எட்டு நடையாகக் கீழே இறங்கின. தெருமுனையில் மேனேஜர் நின்றிருந்தார். பொம்மை வண்டி வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கிற குழந்தையின் முகம் அவருக்கு. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னலை மூடினாள். ஹாலில் அலமாரிகள் நின்ற இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறமாக இருந்தது. அதற்கு நடுவே பாய் சுருட்டி வைத்திருந்தது.

அவள் வைத்துக்கொண்டது இரண்டே பொருள். அந்த ஒரு டிஸ்க், அந்த நோட்டு. பிரியத்தால் என்று யாராவது சொன்னால் முறைப்பாள். லேபில்கூட, முடிவு எழுதிய பிறகும் கண்ணாடித் துண்டைத் தூக்கிப் போட மாட்டார்கள். யாராவது வந்து இல்லை என்றால் எடுத்துக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை மூன்று பேர் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் பிளேயரில் ஓடிய விநாடியைக் கவனிக்கவில்லை. நோட்டில் இருநூற்றுப் பதினாலாம் வரியில் படம், டிவிடி, மணி, நிமிடம் எல்லாம் இருக்கிறது. விநாடிக் கட்டம் காலியாக இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் "வாளியை" என்று மட்டும் எழுதியிருக்கிறது.